ஒரு ரிமோட், ஐந்து உடம்பு

கேள்வி: எங்கள் வீட்டில் கீழே ஹாலும் சமையலறையும், மாடியில் ஒரே ஒரு படுக்கையறை. போன கோடையில் அந்த அறைக்கு ஒன்றரை டன் ஏசி போட்டோம். அன்றிலிருந்து வெக்கை குறைந்ததோ இல்லையோ, சண்டை கூடிவிட்டது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஐந்து பேரும் அந்த ஓர் அறையில்தான் படுக்கிறோம். வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து, குளித்த கையோடு ரிமோட்டை எடுத்து 18 வைத்துவிடுவார். பெரியவன் அப்பா கட்சி. சின்னவளுக்கு விடிந்தால் மூக்கு ஒழுகுகிறது. அத்தைக்கு 71 வயது, சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. "எனக்கு வெக்கையே தெரியலீங் கண்ணு, ஏசியே வேண்டாம்" என்பார். ஒரு மணிக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே ஹாலுக்குப் போய்விடுவார். விடிந்ததும் "எங்கம்மாளை ஹால்ல படுக்க வெச்சுட்டியே" என்று இவர் என்மேல் ஏறுவார். 18 வைத்தது யார்? நான் 26 வைத்தால், "இதுக்கு எதுக்கு அத்தனை காசு குடுத்து ஏசி" என்கிறார். கரண்ட் பில் கட்டுவதோ நான். எத்தனை டிகிரி வைப்பது சரி என்று நீங்களே ஒரு நம்பர் சொல்லிவிடுங்கள். அப்படியே ஏசிக்குக் கீழே எழுதி ஒட்டிவிடுகிறேன்.

— வாசகி, ராசிபுரம்

பதில்: நம்பர் வேண்டுமென்றால் அரசாங்கமே சொல்லியிருக்கிறது, சகோதரி. ஸ்டார் முத்திரை போட்ட அறை ஏசிகள் எல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் விதி. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டார் ஒரு படி மேலே போய், 20க்குக் கீழேயும் 28க்கு மேலேயும் வைக்க முடியாதபடி ஏசிகளைத் தயாரிக்கச் சொல்லப்போவதாக அறிவித்தார். ஜப்பானில் 2005 முதல் அலுவலகங்களுக்கு 28 டிகிரி என்று பிரசாரம் செய்கிறார்கள். இதில் எதை ஒட்டினாலும் உங்கள் வீட்டுச் சண்டை தீராது. ஏனென்றால் உங்கள் வீட்டில் நடப்பது நம்பர் சண்டையே இல்லை.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கடையில் சாதாரண அறை வெப்பமானி ஒன்று வாங்கி, அத்தையின் கட்டிலில் தலைமாட்டில் வையுங்கள். இன்னொன்று கிடைத்தால் தரையில், பிள்ளைகள் படுக்கும் மெத்தைக்குப் பக்கத்தில். ராத்திரி பதினோரு மணிக்கும், விடிகாலை மூன்று மணிக்கும் பாருங்கள். ரிமோட்டில் 18 என்று மின்னும்போது அறைக்குள் 26, 27 இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 18 என்பது நீங்கள் ஏசிக்குச் சொல்லும் ஆசை, அவ்வளவுதான். ஏசியின் குளிரூட்டும் திறனைச் சோதனைக்கூடத்தில் அளப்பது வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி இருக்கும் நிலையில். 2024 ஏப்ரல் கடைசியில் சேலத்தில் வெயில் 42 டிகிரியை ஒட்டிப் போனதே, அந்த மாதிரி நாளில் வெளியே மாட்டிய யூனிட் அனலுக்குள் நின்றுகொண்டு அனலைத் தள்ள வேண்டும். அதன் திறன் அப்போது குறையும். மேற்குச் சுவரும் மொட்டை மாடியும் உள்ள அறையில் அது 18ஐத் தொடவே தொடாது. தொடாததால் கம்ப்ரசரும் நிற்காது. உங்கள் வீட்டுக்காரர் 18 வைப்பதால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதும் இல்லை; அறை கொதித்துக் கிடக்கும்போது 18 வைத்தாலும் 24 வைத்தாலும் ஏசி முழு மூச்சில்தான் ஓடும். வித்தியாசம் தெரிவது பின்னிரவில். 24 வைத்த ஏசி அப்போது ஓய்வெடுக்கும், 18 வைத்தது ஓடிக்கொண்டே இருக்கும். அத்தை தலையணையைத் தூக்குவதும் அந்த நேரத்தில்தான்.

(இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் பத்திரிகைகள் வெயிலை ஃபாரன்ஹீட்டில் 104, 106 என்று போடும். ரிமோட் செல்சியஸில் பேசும். 104 என்பது 40 டிகிரி செல்சியஸ். பத்திரிகையைப் பார்த்துவிட்டு ரிமோட்டைப் பிடிக்கிற கைக்கு 26 என்பது ஒரு குளிர்ச்சியாகவே படுவதில்லை.)

அப்படியானால் வீட்டுக்காரர் சொல்வது பொய்யா என்றால், இல்லை. அவருக்கு வெந்துபோவது நிஜம். டென்மார்க்கில் ஃபாங்கர் என்ற பேராசிரியர் 1970இல் எழுதிய நூல்தான் இந்தத் துறைக்கே அடிப்படை. உடம்புக்கு வெக்கையா குளிரா என்பதை ஆறு விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்றார்: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவர் கூரைகளின் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், உடம்பு செய்கிற வேலை, போட்டிருக்கும் துணி. ரிமோட்டுக்குத் தெரிவது இதில் முதலாவது மட்டும். அதுவும் கூரைக்குக் கீழே, ஏசி பெட்டிக்குப் பக்கத்துக் காற்று. ஃபாங்கருடைய கணக்கில் இன்னொன்றும் வருகிறது. எல்லாவற்றையும் எவ்வளவு சரியாக அமைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது திருப்தி இருக்காது. சோதனை அறையில், ஒரே மாதிரி துணி உடுத்திய கல்லூரிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்ததற்கே இந்த நிலை. பேரப்பிள்ளை முதல் 71 வயது வரை ஒரே அறையில் படுத்திருக்கும் உங்கள் வீட்டில் ஐந்து பேரும் ஒரே நம்பருக்குத் தலையாட்டுவார்கள் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

அந்த ஆறில் இரண்டாவதைப் பாருங்கள், அதுதான் உங்கள் வீட்டு வில்லன். மாடி அறையின் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தச் சூடு தளத்தைத் தாண்டி உள்ளே இறங்கிவரச் சில மணி நேரம் பிடிக்கும். மதியம் வாங்கியதை அது திருப்பிக் கொடுப்பது சாயங்காலமும் முன்னிரவும், அதாவது வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து படுக்கிற நேரம். காற்று 24க்கு வந்துவிட்டாலும் தலைக்கு மேலே ஒரு பெரிய சூடான பலகை அவரை நோக்கி அனலை வீசிக்கொண்டே இருக்கிறது. ஏசி காற்றைக் குளிர்விக்கும். தளத்தை அவ்வளவு சீக்கிரம் குளிர்விக்காது. அதோடு பகல் முழுக்க வெல்டிங் பொறிக்கு முன்னால் நின்ற உடம்பு, குளித்த பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். கைலியோடு, சட்டை இல்லாமல் படுக்கிற அவரே இவ்வளவு தவிக்கிறார். நீங்கள் அடுப்படியில் நின்றுவிட்டு, மாமியாரும் வளர்ந்த பையனும் இருக்கிற அறையில் நைட்டிக்கு மேலே ஒரு துண்டையும் போட்டுக்கொண்டு படுக்கிறீர்கள் என்பது என் ஊகம். துணியைக் குறைத்துக்கொள்ளும் உரிமை நம் வீடுகளில் ஆண்களுக்கு மட்டும்தான். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பெண்களுக்குக் குளிர் கூடுதலாகத் தெரிகிறது என்ற பேச்சையும் ஆய்வாளர்கள் சும்மா விடவில்லை. அலுவலகக் கட்டடங்களின் வெப்பக் கணக்கில் எடுத்துக்கொண்டது 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆணின் உடம்பை. பெண்ணுடம்பு அந்த அளவு சூடு உற்பத்தி செய்வதில்லை என்று 2015இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். வயதானால் உற்பத்தி இன்னும் குறையும். ஆக அத்தை நடிக்கவில்லை, வீட்டுக்காரரும் நடிக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். ஆய்வாளர் மாதவி இந்திரகண்டி ஹைதராபாத்தின் அடுக்குமாடி வீடுகளில் கோடையில் செய்த ஆய்வில், பெரும்பாலானோர் வசதியாக உணர்ந்த அளவு 26 முதல் 32 டிகிரி வரை என்று வந்தது. மின்விசிறி, மெல்லிய துணி, பழகிய உடம்பு: இந்த மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. 24க்குக் கீழே போக வேண்டிய அவசியம் தக்காணத்திலோ கொங்கிலோ யாருக்கும் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஏசி போட்டால் ஃபேனை நிறுத்திவிட வேண்டும் என்று எவரோ கிளப்பிவிட்ட நம்பிக்கையை முதலில் விட்டுத் தொலையுங்கள். ஃபேன் மிதமாகச் சுற்றினாலே உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல இருக்கும். 27இல் ஃபேனோடு படுப்பதும் 24இல் ஃபேன் இல்லாமல் படுப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. பழைய ஃபேன் 75 வாட். ஏசி அதைப்போலப் பல மடங்கு.

நாமக்கல் பக்கம் இருந்துகொண்டு இதையெல்லாம் நான் நீட்டி முழக்குவதே அதிகப்பிரசங்கித்தனம். கோழிப்பண்ணை வைத்திருக்கும் உறவினர் யாராவது நிச்சயம் இருப்பார், அவரைக் கேளுங்கள். பண்ணை முழுவதுக்கும் ஒரே டிகிரி என்று அவர் எப்போதாவது வைத்திருக்கிறாரா? பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் பல்பு போட்டு 33, 34 டிகிரி கொடுப்பார். அதே பண்ணையில் முட்டைக்கோழிக் கொட்டகையில் 32ஐத் தாண்டினால் அவருக்குத் தூக்கம் வராது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். தீனி குறையும், தண்ணீர் கூடும், முட்டை ஓடு மெலிந்துவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கோழிப்பண்ணையாளர்களுக்கென்றே வானிலை ஆலோசனை வெளியிடுவதும், அதைப் பத்திரிகையில் தேடிப் படிப்பதும் இதற்காகத்தான். பண்ணைக்காரர்கள் முதலில் கை வைப்பது கூரையில்: மேலே தண்ணீர் தெளிப்பான், வெள்ளைப் பூச்சு, ஓலை. பிறகு பக்கவாட்டுப் படுதா, காற்றோட்டம். பறவையின் வயதைப் பார்த்து, கூண்டில் நெருக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதே ஆட்கள் ரிமோட்டைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள்.

இனி உங்கள் ராத்திரியை எப்படி ஓட்டுவது என்று பார்ப்போம். சேலம், நாமக்கல் வெயிலுக்குச் சென்னைக்கு இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு. பகலில் 40 போனாலும் பின்னிரவில் 26, 27க்கு இறங்கிவிடும். கடலோரப் புழுக்கம் நமக்குக் கிடையாது. இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் காலையிலிருந்து ஜன்னலைத் திறந்து வைத்து அனலை உள்ளே விடுகிறோம், ராத்திரி கொசுவுக்குப் பயந்து சாத்திவிடுகிறோம். மாற்றிச் செய்யுங்கள். காலை ஒன்பதுக்கு ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிடுங்கள். பொழுது சாய்ந்ததும், வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடத் தணிந்தவுடன், எல்லாவற்றையும் திறந்து ஃபேனை முழு வேகத்தில் போட்டு அறையில் தேங்கிய சூட்டை வெளியே தள்ளுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் அந்தப் பயமும் போயிற்று. வீட்டுக்காரர் வருவதற்கு அரை மணி முன்னால் ஜன்னலைச் சாத்தி ஏசியை 24இல் போட்டு, ஃபேனையும் ஓட விடுங்கள். அவர் வரும்போது அறை தயாராக இருந்தால் ரிமோட்டைத் தேடும் வெறி பாதி குறைந்துவிடும். குளித்து வந்தவரை ஏசிக் காற்று நேராக விழும் இடத்தில் படுக்கச் சொல்லுங்கள். பதினொன்றரைக்கு 26. அதன் பிறகு ரிமோட்டில் உள்ள ஸ்லீப் பொத்தானை அழுத்திவிட்டால் மணிக்கணக்கில் மெதுவாக அதுவே ஒன்றிரண்டு டிகிரி ஏற்றிக்கொள்ளும். விடிகாலை மூன்று, நான்கு மணிக்கு மனித உடம்பின் சூடே அன்றைய நாளில் மிகக் குறைவாக இருக்கும். வெளியேயும் அப்போதுதான் தணிந்திருக்கும். இரவு ஒன்பதுக்கு இதமாக இருந்த அளவு மூன்று மணிக்கு நடுக்கம் தருவது இதனால்தான்.

யார் எங்கே படுப்பது என்பதும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். தரையில் மெத்தை போட்டுப் படுக்கும் சின்னவள்தான் அந்த அறையிலேயே அதிகக் குளிரை வாங்குகிறாள். அவளை ஏசிக்கு எதிர்மூலைக்கு மாற்றுங்கள், முடிந்தால் கட்டிலில் அத்தையோடு. ஏசியின் மடலை மேல்நோக்கித் திருப்பி வைத்தால் காற்று யார்மேலும் நேராக அடிக்காமல் பரவி இறங்கும். மூக்கு ஒழுகுவதற்குக் குளிர் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஏசிக்குள் இருக்கும் வலையைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். பட்டறைத் தூசியும் சேரும் வீடு உங்களுடையது. இன்னொன்று, சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே சுழற்றும். ஐந்து பேர் மூச்சு விடும் அறையை இறுக்கிச் சாத்தினால் விடிந்ததும் தலை கனக்கும். கதவை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள்.

அத்தையைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. "வெக்கையே தெரியல" என்கிறாரே, அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதாக ஆக வெக்கையை உணர்வதும் குறையும், தாகம் எடுப்பதும் குறையும், வியர்ப்பதும் குறையும். பல வருடச் சர்க்கரை அந்த நரம்புகளை மேலும் மந்தமாக்கும். பி.பி.க்குச் சிலருக்குக் கொடுக்கும் நீர் பிரியும் மாத்திரை உடம்பிலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டிருக்கும். தெரியவில்லை என்பதற்கும் தாக்கவில்லை என்பதற்கும் தூரம் அதிகம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் முதலில் பாதிக்கப்படுவது இவரைப் போன்ற முதியவர்கள்தான். ஆகவே அந்த வெப்பமானியை ஹாலிலும் ஒருநாள் வைத்துப் பாருங்கள். ஜன்னல் சாத்திய ஹாலில் நடு ராத்திரியும் 33, 34 காட்டினால் அவரை அங்கே தனியாக விடக் கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கோடையில் அளவு மாற்ற வேண்டுமா, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நிலை தடுமாறினால் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

அவருக்கு ஏசியே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஹாலுக்கு ஒரு ஏர்கூலர் போடலாம். காய்ந்த காற்றுள்ள பங்குனி, சித்திரையில் நம் பகுதியில் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் கூலர் போட்டால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சாத்திவிட்டுக் கூலர் போடுகிறவர்கள்தான் "பிசுபிசுப்பு" என்று அதைத் திட்டுகிறார்கள். ஐப்பசி ஈரத்தில் அது உதவாது, அப்போது தேவையும் படாது.

பில் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. அதையும் வெறும் புலம்பலாக இல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள். ஒன்றரை டன் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ராத்திரி எட்டு மணி நேரம், இரண்டு மாத ரீடிங்குக்கு 60 நாள்: ஏசி மட்டுமே 480 யூனிட். மற்ற செலவும் சேர்ந்தால் 500ஐத் தாண்டும். தாண்டினால் கீழ் அடுக்குச் சலுகையும் குறைந்து, மேல் அடுக்கு விலையும் ஏறும். 2024 ஜூலை உயர்வின்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு, 601 முதல் 800 வரை 9 ரூபாய் 65 காசு. ஒரு டிகிரி ஏற்றினால் ஏசிக்கான மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 20லிருந்து 24க்கு வந்தாலே ஏறக்குறைய கால்வாசி. அடுத்த பில்லை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துக் கட்டச் சொல்லிப் பாருங்கள். ரிமோட் பிடிக்கிற கைதான் பில்லும் கட்ட வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக மொட்டை மாடி. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். தளத்தைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பைக் கரைத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை கலந்து இரண்டு பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். காசு இருந்தால் வெள்ளைக் கூல்ரூஃப் பெயின்ட் அல்லது வெள்ளை ஓடு. பழுப்புச் சிவப்பில் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்திருந்தால் அதுவே வெயிலைக் குடிக்கும். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும், கீழே அறையில் இரண்டு மூன்று டிகிரி வரை குறையலாம். சுண்ணாம்பு ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி கரைந்துவிடும், மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் தளத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அடைத்துவிடுங்கள். சுண்ணாம்பு வெயிலைத் தடுக்கும், ஒழுக்கைத் தடுக்காது.